குனிஞ்சு பாருங்க... எடுக்காதீங்க!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? அடுத்து என்ன நடக்கும்னு தெரியும். ஈ.சி.ஆர்., மகாபலிபுரம், கையில கொஞ்சம் காசு இருந்தா பாண்டிச்சேரி. அதே கடல், அதே கேங், அதே போட்டோ! ஒரே ஒரு தடவை ரூட்டை மாத்திப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மேற்கே போங்க. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பூண்டி ஏரியைத் தாண்டினால் முள்ளுக்காடும் செம்மண் மேடுமாக ஒரு இடம். பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா அங்கே உங்க ஷூவுக்குக் கீழே கிடக்கிற கல்லை, மனுஷன் நெல்லு விதைக்கிறதுக்கும் பல லட்சம் வருஷம் முன்னாடி, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து தட்டித் தட்டிச் செய்திருக்கலாம்.

ஊர் பேரு அத்திரம்பாக்கம். நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாத இந்தக் குக்கிராமத்தின் பெயர், உலகத்தில் பழைய கற்காலம் படிக்கிற மாணவர்களின் புத்தகத்தில் எல்லாம் இருக்கு!

"ஹிஸ்டரியா? ஆளை விடுங்க பாஸ்"னு பக்கத்தைத் திருப்பாதீங்க. நானும் உங்களை மாதிரிதான். மூணாவது வருஷம் ஈ.சி.ஈ. ராஜா, போர், கல்வெட்டு எதுவும் இந்தக் கட்டுரையில் கிடையாது. ஆன்டெனா இருக்கு, ரேடியோ அலை இருக்கு, ஹாஃப் லைஃப் கணக்கு இருக்கு. முக்கியமா, மண்வெட்டி இல்லை. தோண்டாமலே ஒரு இடத்தைப் படிப்பது எப்படிங்கிறதுதான் மேட்டர்.

பூண்டியில் ஒரு ஸ்டாப்

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் திருவள்ளூர். அங்கிருந்து பூண்டிக்கு பஸ். சத்தியமூர்த்தி சாகர்னு போர்டில் எழுதியிருக்கும். கொசஸ்தலை ஆற்றைத் தடுத்து 1944-ல் கட்டி முடித்த அணை. சென்னையில் நீங்க குழாயைத் திறந்தால் வர்ற தண்ணியில் இதோட பங்கும் உண்டு.

ஏரிக்கரையில் நின்று காத்து வாங்கிட்டு அப்படியே கிளம்பிடாதீங்க. தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று பூண்டியில் இருக்கு. 1985-ல் திறந்தது. சின்னதுதான். ஆனா முதல்ல இங்கே போறதுதான் புத்திசாலித்தனம். கைக்கோடாரின்னா என்ன, சில்லுன்னா என்னன்னு கண்ணு பழகிக்கும். பழகாம காட்டுக்குள்ள போனா எல்லாமே ஜல்லிக்கல் மாதிரிதான் தெரியும்.

கைக்கோடாரிக்குக் கைப்பிடி கிடையாது. பாதாம் பருப்பைப் பெருசாக்கின மாதிரி ஷேப். ஒரு முனை கூர், மறுமுனை உள்ளங்கைக்குள் அடங்குற மாதிரி தடிப்பு. இரண்டு பக்கமும் தட்டி எடுத்த தழும்புகள். மாமிசம் வெட்ட, கிழங்கு தோண்ட, மரம் செதுக்க எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். அந்தக் காலத்து ஆல் இன் ஒன்!

பல்லாவரத்தில் ஆரம்பிச்ச கதை

ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர். 1863-ம் வருஷம் மே 30. பல்லாவரம் ராணுவக் குடியிருப்புக்குப் பக்கத்தில் சரளைக்கல்லுக்காகத் தோண்டிய ஒரு குழி. வெளியே கொட்டியிருந்த கற்குவியலில் ஒரு கல் மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. இயற்கையா உடைஞ்ச கல் இல்லை, மனுஷன் தட்டிச் செய்தது! இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சாட்சி அந்தக் கல்தான். ஐரோப்பாவிலேயே அப்போதான் இந்தப் பேச்சு சூடு பிடிச்சிருந்தது.

அதே வருஷம் செப்டம்பரில் ஃபுட்டும் அவருடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பக்கம் வந்தார்கள். அப்போ கண்ணில் பட்டதுதான் அத்திரம்பாக்கம். ஃபுட் அதோடு நிறுத்தலை. தென்னிந்தியா முழுக்க வருஷக்கணக்கா நடந்தார். அவர் சேர்த்த கற்கள் இன்னிக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கு. எந்தக் கல் எந்த ஊர்லே கிடைச்சதுன்னு ஊர்ப் பேரோட எழுதி வெச்சிருந்தார். அதனாலதான் 150 வருஷம் கழிச்சும் அந்தக் கல்லெல்லாம் பேசுது. இந்த பாயின்ட்டை மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வர்றேன்.

இப்போ பல்லாவரம் போய்ப் பாருங்க. வீடு, கடை, மேம்பாலம், ஹாரன். ஃபுட் கண்டுபிடித்த குழியை எங்கே போய்த் தேட? அத்திரம்பாக்கத்துக்கு அந்த நிலைமை இன்னும் வரலை. அதனாலதான் இந்த இடம் முக்கியம்.

15 லட்சம்!

1999-ல் தொல்லியலாளர் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு ஆரம்பிச்சாங்க. ஷர்மா பாரம்பரியக் கல்வி மையம் சார்பில் நடந்த வேலை. சும்மா நாலு நாள் தோண்டிட்டு பேட்டி கொடுக்கலை. பல வருஷம் தோண்டி, அளந்து, வெளிநாட்டு ஆய்வகங்களோடு சேர்ந்து கணக்குப் போட்டு, 2011-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டாங்க. அடியில் கிடைச்ச கைக்கோடாரிகள் குறைஞ்சது 10.7 லட்சம் வருஷம் பழசு. சராசரியா எடுத்தால் 15.1 லட்சம் வருஷம், எழுபதாயிரம் வருஷம் முன்னே பின்னே.

2018-ல் 'நேச்சர்' இதழில் அடுத்த கட்டுரை. மேல் அடுக்குகளில் கிடைத்த, இன்னும் நுணுக்கமான கருவிகளின் காலம் சுமார் 3,85,000 வருஷம்னு சொன்னது. அதுவரைக்கும் இந்தியாவில் இந்த ஸ்டைல் கருவிகள் இதைவிட ரொம்பப் பிந்தியே வந்திருக்கும்னு நினைச்சிட்டிருந்தாங்க. மொத்தக் கணக்கையும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்து மண் மாத்தி எழுத வெச்சிருச்சு!

செய்தது யாரு? தெரியாது. அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பே கிடைக்கலை. விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைச்சிருக்கு. மனுஷன் விட்டுட்டுப் போனது கல்லை மட்டும்தான். அப்போ கல்லும், அது கிடக்கிற இடமும்தான் நம்மகிட்ட இருக்கிற மொத்த புக்கும்.

"சரி, தோண்டித்தானே கண்டுபிடிச்சாங்க? அப்புறம் எதுக்கு தோண்டாதேன்னு சொல்றே?"ன்னு கேட்கிறீங்க இல்லையா? கரெக்டான கேள்வி. பதிலுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவோம்.

அஞ்சு மீட்டர் இடைவெளி

நாங்க நாலு பேரு. கூட தொல்லியல் படிக்கிற ஆராய்ச்சி மாணவர் அண்ணன் ஒருத்தர். அத்திரம்பாக்கத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேடு ஒண்ணுல எங்களுக்கு ஒரு பயிற்சி நடை. வரிசையா நிக்க வெச்சார். ஆளுக்கு ஆள் அஞ்சு மீட்டர் இடைவெளி. எதிரே ஒரு வேப்பமரத்தைக் காட்டி, "நேரா நடங்க. உங்க ரெண்டு பக்கமும் ரெண்டரை மீட்டர் உங்க ஏரியா. சந்தேகமா ஒரு கல் தெரிஞ்சா நில்லுங்க. தொடாதீங்க. பக்கத்துல கலர் பேப்பரை வெச்சுட்டு நகருங்க" என்றார்.

அவ்வளவுதான் டெக்னிக். இதுக்குப் பேரு மேற்பரப்பு ஆய்வு. கேட்க சப்பையா இருக்கா? காலையில் ஏழு மணிக்கு ஆரம்பிச்சு நடந்து பாருங்க, கழுத்து வலி சொல்லும்! ஆடு மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டே நடக்கணும். அண்ணாந்து பார்த்தா கல்லை விட்டுடுவீங்க. பேசினா கல்லை விட்டுடுவீங்க. செல்போன் அடிச்சாலும் கல்லை விட்டுடுவீங்க.

மேடு முடியிற இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தா சிவப்பு மண்ணுல மஞ்சள் பேப்பரா பூத்துக் கிடக்குது. அண்ணன் ஒவ்வொண்ணா உட்கார்ந்து பார்த்தார். பாதிக்கு மேல சும்மா கல். "இது வெயில்ல வெடிச்சது. இது வண்டிச் சக்கரம் ஏறி உடைஞ்சது." ஒரு கல்லுகிட்ட மட்டும் ரொம்ப நேரம் இருந்தார். எங்களைக் கூப்பிட்டு, தட்டு விழுந்த இடத்துக்குக் கீழே லேசா புடைச்சிருந்த ஒரு வீக்கத்தைக் காட்டினார். கல்லால் கல்லைக் குறி பார்த்து அடிச்சா அந்த வீக்கம் வரும். அடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். கூரா இருக்கா, மழுங்கியிருக்கா? ஆத்துல உருண்டு வந்த கல்லா இருந்தா ஓரம் கூழாங்கல் மாதிரி வழவழன்னு ஆயிடும். ஓரம் ஃப்ரெஷ்ஷா இருந்தா அது ரொம்ப தூரம் பயணம் பண்ணலை. செஞ்சவங்க இங்கேயே பக்கத்துல எங்கேயோ உட்கார்ந்திருக்காங்க!

அப்புறம்தான் ஜி.பி.எஸ். புள்ளி, பக்கத்தில் அளவுகோல் வெச்சு போட்டோ, வடக்கு எந்தப் பக்கம்னு ஒரு அம்புக்குறி, கல்லோட நீளம் அகலம், மண்ணோட நிறம், சரிவு எந்தப் பக்கம்... எல்லாம் நோட்டுல. கல்லு? கிடந்த இடத்துலேயே.

இப்படி ஒரு மேடு முழுக்கக் குறிச்சு, புள்ளிகளை மேப்பில் போட்டா விஷயம் தெரிய வரும். ஒரு மூலையில் சின்னச் சின்னச் சில்லா நெருக்கமா கிடந்தா, அங்கே யாரோ உட்கார்ந்து கருவி செய்த 'ஒர்க்‌ஷாப்' ஆக இருக்கலாம். செஞ்சு முடிச்ச கருவி மட்டும் கிடந்து சில்லே இல்லைன்னா, வேற எங்கேயோ செஞ்சு இங்கே கொண்டுவந்து வேலை பார்த்திருக்கலாம். ஓடைச்சரிவுக்குக் கீழே எல்லாம் குவிஞ்சு கிடந்தா மழைத்தண்ணி அடிச்சிட்டு வந்தது, நம்பாதே! இவ்வளவும் ஒரு குழிகூட வெட்டாம.

பேப்பரைப் பொறுக்கிக்கிட்டு இருந்தப்ப ஆடு மேய்ச்சிட்டிருந்த தாத்தா ஒருத்தர் கிட்ட வந்தார். "இன்னாம்மா தேடறீங்க?"ன்னார். விவரம் சொன்னோம். "கல்லையா? எடுத்துனு போவலியா?"

"இல்லை தாத்தா, பார்த்து எழுதிட்டு அப்படியே விட்டுடுவோம்."

அவருக்குச் சிரிப்பு தாங்கலை. "நீங்கதாம்மா வெறுங்கையோட போறவங்க. சில பேரு பை எடுத்தாந்து பொறுக்கினு போறாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா, வூட்டாண்ட ஷோகேஸ்ல வெக்கிறதுக்காம்."

அவர் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். ஆராய்ச்சி அண்ணன் சிரிக்கலை.

கல்லுக்குள்ளே ஒரு கடிகாரம்

ஏன் சிரிக்கலைன்னு புரிய கொஞ்சம் பிசிக்ஸ் தேவைப்படும். பயப்படாதீங்க, பன்னிரண்டாம் வகுப்பு லெவல்தான்.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் நம்ம மேல சதா கொட்டிக்கிட்டே இருக்கு. வெட்டவெளியில் கிடக்கிற குவார்ட்ஸ் கல்லில் அது பட்டுப் பட்டு, கல்லுக்குள்ளேயே இரண்டு அபூர்வ அணுக்கள் உருவாகும். அலுமினியம் 26, பெரிலியம் 10. உருவாகும் விகிதம் ஏறக்குறைய 7-க்கு 1. கல் ஆழமா மண்ணுக்குள் புதைஞ்சிட்டா கதிர் எட்டாது. உற்பத்தி நின்னுடும். இருக்கிறது சிதைய ஆரம்பிக்கும். அலுமினியத்தின் ஹாஃப் லைஃப் சுமார் 7 லட்சம் வருஷம். பெரிலியத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு, சுமார் 14 லட்சம்.

இப்போ கணக்குப் போடுங்க. 14 லட்சம் வருஷம் புதைஞ்சிருந்தா அலுமினியம் கால்வாசியாகும், பெரிலியம் பாதியாகும். அதாவது இரண்டுக்குமான விகிதம் பாதியாகக் குறைஞ்சிருக்கும். லேபில் விகிதத்தை அளந்தா, கல் புதைஞ்சு எவ்வளவு காலம் ஆச்சுன்னு சொல்லிடலாம். அத்திரம்பாக்கத்தின் 15 லட்சம் வந்தது இப்படித்தான். கூடவே மண் அடுக்கில் பதிவான பூமியின் பழைய காந்தத் திசையையும் அளந்து சரிபார்த்தாங்க.

3,85,000 வந்தது வேற கடிகாரம். மணல் துகள் மேல வெயில் பட்டா அதோட கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிடும். புதைஞ்ச பிறகு சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கத்தால் அதுக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமா ஆற்றல் சேரும். லேபில் ஒளி பாய்ச்சினா அந்தத் துகள் மின்னும். எவ்வளவு மின்னுதோ அவ்வளவு காலம். அதனாலதான் வெளிச்சம் புகாத குழாயை அடிச்சு இறக்கி சாம்பிள் எடுப்பாங்க. பகல் வெளிச்சம் பட்டா கதை முடிஞ்சது.

இப்போ ஃபுட்டையே எடுத்துக்குங்க. 1863-ல் இந்த இரண்டு முறையும் கிடையாது. கதிரியக்கமே கண்டுபிடிக்கலை! அத்திரம்பாக்கத்தை அப்பவே ஒரு ஓரம் விடாம தோண்டி எடுத்திருந்தா? லட்சம் கல் கிடைச்சிருக்கும். ஆனா 15 லட்சம் வருஷங்கிற பதில் கிடைச்சிருக்காது. ஏன்னா அந்தப் பதில் கல்லில் மட்டும் இல்லை. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணோட கிடந்ததுங்கிறதுல இருக்கு. அடுத்த தலைமுறை ஒரு புது மெஷினோட வந்து பார்க்கிற வரைக்கும் அந்த மண்ணு கலையாம காத்துக்கிட்டு இருந்ததுதான் அதிர்ஷ்டம்.

அகழாய்வுங்கிறது ஒரு தடவை மட்டும் படிக்கக்கூடிய புத்தகம். படிக்கப் படிக்க பக்கத்தைக் கிழிச்சுக்கிட்டே போகணும். நல்ல தொல்லியலாளர் அதனாலதான் முதல்ல மேலே நடப்பார், அளப்பார், எங்கே கண்டிப்பாத் தேவையோ அங்கே மட்டும் சின்னதாத் தோண்டுவார். மிச்சத்தை விட்டுட்டுப் போவார். ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்ற மாதிரி. ஷோகேஸ்காரர் எடுத்துட்டுப் போன கல்லுக்கு ஊரும் இல்லை, அடுக்கும் இல்லை. அழகான பேப்பர் வெயிட், அவ்வளவுதான்!

உங்க டிபார்ட்மென்ட்டுக்கு என்ன வேலை?

"நான் இன்ஜினீயரிங், எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னு இன்னும் யாராவது நினைச்சா, இதைப் படிங்க.

ஈ.சி.ஈ. மக்களே... தரை ஊடுருவும் ராடார். ஒரு தள்ளுவண்டியில் ஆன்டெனா. மண்ணுக்குள்ளே ரேடியோ அலையை அனுப்பும். உள்ளே சுவரோ குழியோ பாறையோ இருந்தா எதிரொலி வரும். அதிர்வெண் அதிகமானா படம் தெளிவா இருக்கும், ஆனா ஆழம் குறையும். அதிர்வெண்ணைக் குறைச்சா ஆழமாப் போகும், படம் மங்கும். காய்ந்த மணலில் சில மீட்டர் வரைக்கும் எட்டும். ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டர் போறதுக்குள்ளேயே அலையை மண்ணு குடிச்சிடும்.

ட்ரிபிள் ஈ... மண்ணில் வரிசையா கம்பிகளை நட்டு லேசான மின்சாரம் பாய்ச்சி மின்தடையை அளக்கிறது உங்க ஏரியா. கல் சுவருக்குத் தடை அதிகம், ஈரம் நிக்கிற பழைய பள்ளத்துக்குக் குறைச்சல்.

காந்தமானின்னு ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோ டெஸ்லா. எப்பவோ அடுப்பெரிச்சுச் சுட்ட மண் இருந்தா அதுல சில நானோ டெஸ்லா மாறும். அதையும் இந்தக் கருவி பிடிச்சிடும். இதைக் கையில் பிடிச்சு நடக்கிறவர் பெல்ட் பக்கிள்கூடப் போடக் கூடாது!

சிவில்... டோட்டல் ஸ்டேஷன், லெவலிங், கான்டூர் எல்லாம் உங்க சர்வே லேபில் செஞ்சதுதான். லேபில் காலேஜ் கிரவுண்டை அளந்தீங்க, இங்கே கற்காலத்தை அளக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்... ஒரு கல்லை முப்பது, நாற்பது கோணத்தில் படம் எடுத்துக் கொடுத்தா அதை முப்பரிமாண மாடலா மாத்தலாம். கல்லைத் தொட வேண்டாம், ஆனா உலகத்தில் எங்கே இருக்கிற ஆராய்ச்சியாளரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். செயற்கைக்கோள் படத்தை வெச்சு எந்த மேட்டில் தேடலாம், எதை முதல்ல காப்பாத்தணும்னு வரைபடம் போடுறதும் உங்க வேலையா ஆகலாம். சாந்தி பப்பு குழுவினரே 2010-ல் செயற்கைக்கோள் படங்களை இப்படிப் பயன்படுத்துறது பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க.

மெஷின்கள் சேர்ந்து இறங்கினா என்ன ஆகும்? இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் தெரியுமில்லையா, வட்டமா நிக்கிற ராட்சதக் கற்கள். 2010-லிருந்து 2014 வரைக்கும் அதைச் சுற்றி சுமார் 12 சதுர கிலோமீட்டரை காந்தமானியாலும் ராடாராலும் அலசினாங்க. பர்மிங்காம் பல்கலைக்கழகமும் வியன்னாவின் லுட்விக் போல்ட்ஸ்மன் நிறுவனமும் முன்னே நின்று செஞ்ச வேலை. அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத 17 சின்னங்கள் மண்ணுக்கடியில் இருக்குன்னு 2014-ல் சொன்னாங்க. ஒரு கூடை மண்கூட அள்ளலை!

அப்போ அத்திரம்பாக்கத்திலும் ராடாரை உருட்டினா எல்லாம் தெரிஞ்சிடுமா? அங்கேதான் சிக்கல். ஸ்டோன்ஹெஞ்ச் ஆட்கள் பள்ளம் வெட்டினாங்க, கம்பம் நட்டாங்க, மேடு எழுப்பினாங்க. மெஷினுக்குத் தெரியற தடயம் அது. அத்திரம்பாக்கத்து ஆட்கள் வீடு கட்டலை, சுவர் எழுப்பலை. கையளவு கல்லைச் செஞ்சாங்க, போட்டுட்டுப் போனாங்க. அதுவும் அடியில் இருக்கிறது களிமண். ராடாருக்குப் பிடிக்காத அதே களிமண்! கல்லுக்கு நடுவுல கைக்கோடாரிக் கல் எதுன்னு பிரிச்சுச் சொல்ற மெஷின் கிடையாது. அதனால இங்கே நம்பர் ஒன் கருவி இன்னிக்கும் நம்ம ரெண்டு காலும் ரெண்டு கண்ணும்தான். மேலே என்ன, எங்கே கிடக்குதுங்கிற மேப்தான் கீழே எங்கே பார்க்கணும்னு வழிகாட்டுது. அந்த மேப்பிலிருந்து ஒரு கல்லை உருவினா வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கின மாதிரி.

குடியம்... மலையே கடை!

அத்திரம்பாக்கத்தோடு திரும்பிடாதீங்க. பக்கத்து அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள் இருக்கு. குடியம் கிராமத்திலிருந்து முள்ளுக்காட்டு வழியா நடை. நிழல் குறைச்சல், கல்லும் சரளையுமான பாதை. குகைன்னதும் இருட்டுப் பொந்து இல்லை. பிரம்மாண்டமான பாறை, முன்பக்கம் குடை மாதிரி கவிழ்ந்து நிக்கும். கீழே நின்னு அண்ணாந்து பார்த்தா கழுத்துவலிக்கு ஆறுதல் கிடைக்கும். உள்ளே ஊர் மக்கள் கும்பிடுற ஒரு சாமி. மேலே தேன்கூடுகள். விசில், பாட்டு, பட்டாசு எதுவும் வேண்டாம். தேனீக்களுக்கு ஜோக் புரியாது!

பாறையை உத்துப் பாருங்க. ஒரே கல் இல்லை. சின்னதும் பெருசுமா ஆயிரக்கணக்கான உருண்டைக் கற்களை சிமென்ட் போட்டு ஒட்டின மாதிரி இருக்கும். உருண்டைகள் எல்லாம் குவார்ட்சைட், நல்ல கெட்டி. பாறை தேயத் தேய அவை உதிர்ந்து கீழே விழும், ஓடைகள் அடிச்சிட்டுப் போகும். கைக்கோடாரி செய்யத் தேவையான சரக்கு அதுதான். பக்கத்தில் தண்ணி, காலடியில் கல், குடிநீர் தேடி வர்ற விலங்கு. திரும்பத் திரும்ப லட்சக்கணக்கான வருஷம் ஏன் இங்கேயே வந்தாங்கன்னு தோண்டிப் பார்க்கணுமா என்ன? மேட்டில் ஏறி நின்னு சுற்றிப் பார்த்தாலே புரியுது. ஒரு இடத்தோட அமைப்பைப் படிக்கிறதும் கள ஆய்வுதான்.

அப்படி நின்னு பார்க்கும்போது இன்னொண்ணும் கண்ணில் படும். திருவள்ளூர் மாவட்டம் முழுக்க சவுடும் கிராவலும் ரோட்டுக்கும் மனைக்கும் லாரி லாரியாப் போகுது. ரோடு வேண்டாம்னு சொல்ல முடியாது, நாமளும் அதுல தானே பஸ்ல வந்தோம்! ஆனா கற்காலக் கருவி கிடைக்கிறதும் அதே சரளை மண்ணுலதான். எந்த மேட்டில் என்ன இருக்குன்னு யாராவது முன்னாடியே நடந்து, குறிச்சு, மேப்பில் போட்டு வெச்சிருந்தா, "இந்த மேட்டை மட்டும் விடுங்க"ன்னு ஒரு அதிகாரிகிட்ட போய்க் கேட்கலாம். மேப்பில் இல்லாத மேட்டுக்காக யார் பேசுவாங்க? ஜே.சி.பி. ஒரு மணி நேரத்துல அள்ளிட்டுப் போயிடும். அப்போ போனது வெறும் மண்ணுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க.

கிளம்புறீங்களா?

போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா சில விஷயங்கள்.

ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். சித்திரை வெயிலில் போய் ஹீரோயிசம் காட்டாதீங்க. தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர். ஷூ கட்டாயம், முழுக்கை சட்டை நல்லது. குடியம் பாதை காட்டு வழி என்பதால் வனத்துறையிடம் கேட்டுட்டு, உள்ளூர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவருக்கு நாள் கூலியைச் சரியாக் கொடுங்க. பொழுது சாயறதுக்குள்ளே திரும்பிடுங்க. ட்ரோன் பறக்கவிட அனுமதி தேவை. தோண்டுறது அரசு அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. நீங்க குச்சியால்கூடக் கிளறாதீங்க.

வித்தியாசமா ஒரு கல் கண்ணில் பட்டா அசையாம நில்லுங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல், இல்லைன்னா பேனாவை வெச்சு போட்டோ எடுங்க. கொஞ்சம் பின்னாடி வந்து, சுற்றியுள்ள இடமும் தெரியற மாதிரி இன்னொரு போட்டோ. போனில் லொகேஷனைக் குறிச்சுக்குங்க. அதை இன்டர்நெட்டில் போட்டுடாதீங்க, மறுநாளே பையோட ஆள் வந்துடும். பூண்டி அருங்காட்சியகத்திலோ, எழும்பூரில் இருக்கிற மாநிலத் தொல்லியல் துறை அலுவலகத்திலோ நேரில் போய்ச் சொல்லுங்க. ஆர்வம் ஜாஸ்தியா இருந்தா, ஆய்வுகளில் தன்னார்வலரா நடக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க. சர்வே தெரிஞ்ச, மேப் போடத் தெரிஞ்ச பசங்களுக்கு அங்கே வேலை இருக்கு.

வீட்டுக்கு என்ன கொண்டு வரலாம்னா, போட்டோ, கான்டூர் ஸ்கெட்ச், ஷூவுல ஒட்டின செம்மண். கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டுட்டு வாங்க. 1863-ல் இல்லாத மெஷின் 2011-ல் வந்து அதோட வயசைச் சொல்லிச்சு. அதைச் செஞ்சது யாருன்னு சொல்ற மெஷினை நம்ம ஜூனியர்ஸ் எவனோ எவளோ நாளைக்குக் கண்டுபிடிப்பாங்க. அவங்க வந்து பார்க்கும்போது அங்கே கல்லு இருக்கணும் இல்லையா?